கணினி கேள்வி–பதில்: ஆடும்போதே நின்றுவிடும் விளையாட்டுகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே குறையைப் பற்றியவை: ஆடிக்கொண்டிருக்கும்போதே கணினி விளையாட்டு நின்றுவிடுகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் எல்லோரும் விண்டோஸ் கணினி வைத்திருப்பதால் பதில்களும் அதை ஒட்டியே அமைகின்றன.

கேள்வி: புதிதாக வாங்கிய பெரிய விளையாட்டு ஒன்று, தொடங்கி இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், எந்தச் செய்தியும் காட்டாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. 100 ஜிபிக்கும் மேற்பட்ட அந்த விளையாட்டை மூன்று முறை நீக்கி, மீண்டும் பதிவிறக்கி நிறுவிவிட்டேன், பயனில்லை. விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா, அல்லது புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். விண்டோஸை அழித்தால் காரணத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பதிவுகளும் அதனுடன் சேர்ந்து அழிந்துவிடும். குறை வன்பொருளில் இருக்குமானால், புது விண்டோஸிலும் அதே விளையாட்டு அதே போல நிற்கும். கார்டு வாங்குவதோ, குற்றவாளி யார் என்று தெரியாமலே ஒருவரைத் தண்டிப்பதற்கு ஒப்பானது.

விளையாட்டு எப்படி நின்றது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளையாட்டு மட்டும் மூடி, டெஸ்க்டாப் வழக்கம்போல் இயங்கினால் அது ஒரு வகை. திரை சில விநாடிகள் கறுத்தோ உறைந்தோ போய், பாட்டும் பேச்சும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, பிறகு திரை திரும்பும்போது விளையாட்டு இறந்து கிடந்தால் அது வேறு வகை. கிராபிக்ஸ் கார்டு கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) விண்டோஸ் தானே மீட்டமைக்கும் ஏற்பாடு விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. அப்படி நடந்தபோது ‘டிஸ்ப்ளே’ என்ற பெயரில் 4101 எண்ணுள்ள குறிப்பு ஒன்று பதிவாகும். கணினியே அணைந்து மீண்டும் தொடங்கினால் அது மூன்றாவது வகை. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

உங்களுடையது முதல் வகை. ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘அப்ளிகேஷன்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். விளையாட்டு மூடிய அதே நிமிடத்தில் ‘அப்ளிகேஷன் எரர்’ என்ற பெயரிலும் 1000 என்ற எண்ணிலும் சிவப்புக் குறியுடன் ஒரு பதிவு இருக்கும். அதில் பழுதான நிரலின் பெயர், பழுது நிகழ்ந்த மாட்யூலின் (நிரலுக்குள் இயங்கும் பகுதியின்) பெயர், பிழை எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலரும் பிழை எண்ணைப் பார்த்தவுடன் அதையே விடை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மிக அதிகமாகக் காணப்படும் ‘சி0000005’ என்பதன் பொருள், தனக்கு அனுமதியில்லாத நினைவக முகவரியை நிரல் தொட முயன்றது என்பது மட்டுமே. நிரலை எழுதியவரின் தவறும் அதற்குக் காரணமாகலாம்; பழுதான ராம் ஒரு முகவரியை மாற்றிக் கொடுத்ததும் காரணமாகலாம். எண் நிகழ்ச்சியைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்வதில்லை.

மாட்யூலின் பெயர் அதைவிடப் பயனுள்ளது. ஆனால் ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வராமல், நான்கைந்து பதிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாட்யூல் வருமானால் குறை பெரும்பாலும் மென்பொருளில் இருக்கிறது: கிராபிக்ஸ் டிரைவரின் பெயரானால் டிரைவர், திரையின்மேல் மிதக்கும் ஓவர்லே நிரலின் பெயரானால் அந்த ஓவர்லே, விளையாட்டின் சொந்தப் பெயரே ஆனால் விளையாட்டு அல்லது அதன் கோப்புகள். முறைக்கொரு மாட்யூல், முறைக்கொரு பிழை எண் என்று சிதறிக் கிடந்தால் ராம், பிராசசர், மின்சாரம் ஆகியவற்றின் பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள். ‘என்டிடிஎல்எல்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு விண்டோஸ் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். எல்லா நிரல்களும் கடந்து செல்லும் வாயில் அது, வேறெங்கோ விளைந்த பிழை அங்கே வந்து விழுகிறது, அவ்வளவுதான்.

‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்ற இன்னொரு வசதியும் விண்டோஸில் இருக்கிறது. அதிகம் பேர் அறியாதது என்பதால் குறிப்பிடுகிறேன். நாள்வாரியாக எந்த நிரல் முடங்கியது, அதே நாளில் எந்த அப்டேட் வந்தது, எந்த டிரைவர் நிறுவப்பட்டது என்பதை ஒரே வரைபடத்தில் அது காட்டும். ‘நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை’ என்ற முறையீட்டுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இனிச் செய்ய வேண்டியவை. முழு விளையாட்டையும் மூன்று முறை பதிவிறக்கியிருக்கத் தேவையே இல்லை. ஸ்டீம் போன்றவற்றில் விளையாட்டின் பெயரை வலது சொடுக்கி, அதன் பண்புகளில் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால், கணினியிலுள்ள கோப்புகளை அசலுடன் ஒப்பிட்டுக் கெட்டவற்றை மட்டும் மீண்டும் இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சரிபார்ப்பிலும் புதிது புதிதாகக் கெட்ட கோப்புகள் தென்பட்டால் எஸ்.எஸ்.டி.யையோ ராமையோ சோதிக்க வேண்டும். பிறகு ஓவர்லேக்கள்: ஸ்டீம், டிஸ்கார்டு, திரைப்பதிவு, வெப்பநிலை காட்டும் நிரல் ஆகியவை விளையாட்டின் வரைதலுக்குள் தங்களை நுழைத்துக்கொள்பவை, அவற்றை நிறுத்திவைத்து ஆடிப்பாருங்கள். அடுத்தது கிராபிக்ஸ் டிரைவர். புதியதே சிறந்தது என்ற நம்பிக்கை இங்கே எப்போதும் பொருந்துவதில்லை. புதிய டிரைவருக்குப் பின்னால்தான் குறை தொடங்கியது என்றால் முந்தையதற்குத் திரும்புவதே முறை. பழைய டிரைவரின் எச்சங்கள் தங்கிவிட்டதாகத் தோன்றினால், சேஃப் மோடில் (மிகத் தேவையானவை மட்டும் இயங்கும் விண்டோஸ் நிலையில்) ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற கருவியால் முழுதும் துடைத்துவிட்டு நிறுவலாம். கடைசியாக ஓவர்கிளாக், அதாவது வரையறுத்த வேகத்துக்கு மேல் இயக்குவது. நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்டு வரும் கார்டுகள் உண்டு; அதன் வேகத்தைச் சிறிது குறைத்தவுடன் நோய் நீங்குமானால் விடை கிடைத்துவிட்டது.

இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கையும் ஒரே மாலையில் மாற்றி விளையாட்டு சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாமலே போகும். மறுபடி வரும்போது தொடக்கப் புள்ளியிலிருந்து நடக்க வேண்டியிருக்கும். அதே போல, ஒரு மணி நேரத்துக்குள் நின்றுகொண்டிருந்த விளையாட்டு ஒரு மாலை இரண்டு மணி நேரம் ஓடியது என்பதற்காகக் குறை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று நான்கு முறை நீண்ட நேரம் ஆடிப் பார்த்த பிறகே அதை நம்பலாம்.

கேள்வி: படம் பார்க்கும்போதும் அலுவலக வேலை செய்யும்போதும் என் கணினி நாள் முழுவதும் ஒழுங்காக இருக்கிறது. விளையாட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆனால் கணினியே சட்டென அணைந்து மீண்டும் தொடங்குகிறது. ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருக்கிறது. பவர் சப்ளை போய்விட்டது என்று இதற்குப் பொருளா?

பதில்: பெயரில் ‘பவர்’ என்று இருப்பதால் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றிருந்தது என்பதை, மீண்டும் எழுந்த பிறகு விண்டோஸ் குறித்துக்கொள்ளும் பதிவு அது; மின்தடை வந்தாலும், பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் வரும். முதலில் நீலத் திரை வந்து மறைகிறதா என்று பாருங்கள். பிழை நேர்ந்தவுடன் தானாக மீளத் தொடங்குவது விண்டோஸின் இயல்பான அமைப்பு என்பதால், நீலத் திரை தோன்றினாலும் கண்ணுக்கு எட்டாமல் போய்விடக்கூடும். ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ அமைப்பில் தானாக மீளத் தொடங்கும் தேர்வை நீக்கிவிட்டு ஆடுங்கள். நீலத் திரை நின்று காட்டினால் அதிலுள்ள எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்திலும் கோப்பு பதிவாகியிருக்கும். நீலத் திரையும் இல்லை, மினிடம்ப்பும் இல்லை, விளக்கை அணைத்ததுபோல் கணினி அணைகிறது என்றால் மட்டுமே மின்சாரத்தின் மீதும் வெப்பத்தின் மீதும் பார்வை செல்ல வேண்டும். ‘டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர்’ என்ற பெயரில் பதிவுகள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள்; வன்பொருள் தானே முன்வந்து தெரிவித்த பிழைகள் அங்கேதான் பதிவாகும்.

படம் ஓடும்போது நடக்காதது விளையாட்டில் நடப்பது ஏன் என்பது நியாயமான ஐயம். படம் ஓடுவதற்குக் கணினியின் வலிமையில் மிகச் சிறிய பங்கு போதும். விளையாட்டு மட்டுமே பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வேலை வாங்குகிறது; அதோடு, காட்சி மாறும் கணங்களில் கார்டு தன் சராசரித் தேவையைவிட மிக அதிகமான மின்சாரத்தை நொடியின் சிறு பகுதிக்குள் உறிஞ்சுகிறது. வலுக்குறைந்த அல்லது வயதான பவர் சப்ளை அந்தத் துள்ளலைத் தாங்காமல் பாதுகாப்புக்காகத் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்.

இதைச் செலவில்லாமல் சோதிக்க வழி இருக்கிறது. விளையாட்டின் ஃபிரேம் வேகத்தை 60க்குள் கட்டுப்படுத்தி, கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 70 அல்லது 75 விழுக்காட்டுக்குக் குறைத்து ஆடுங்கள். அணைவது நின்றுவிட்டால் மின்சாரமோ வெப்பமோதான் காரணம் என்பது ஏறக்குறைய உறுதி. இரண்டையும் பிரித்தறிய, உணரிகளின் அளவுகளைச் சில விநாடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதும் நிரல் ஒன்றை ஓடவிட்டு, கணினி அணைவதற்கு முந்தைய கடைசி வரியைப் பாருங்கள். இன்றைய பிராசசர்கள் 95 அல்லது 100 பாகை செல்சியசை நெருங்கும்போது முதலில் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதையும் மீறிச் சூடேறினால்தான் அணைகின்றன. ஆகவே வெப்பத்தால் வரும் நோய்க்கு முன்னறிகுறியாக விளையாட்டு மந்தமாகும். கடைசி வரியில் வெப்பநிலை 70 பாகையளவில் இயல்பாக இருக்க, எந்த முன்னறிகுறியும் இன்றி அணைந்திருந்தால் பவர் சப்ளையைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் கேபிளையும் பாருங்கள். 8 முனை மின் இணைப்பு ஒன்று 150 வாட்டுக்கும், மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட்டுக்கும் வரையறுக்கப்பட்டவை. இரண்டு இணைப்புகள் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளின் இரட்டை முனைகளைச் செருகாமல் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களைக் கொண்டுவருவது நல்லது. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும்.

கேள்வி: விளையாட்டைத் தொடங்கியவுடன் ஷேடர்களைத் தயாரிக்கும் கட்டம் ஓடுகிறது. அது பாதியில் இருக்கும்போதே ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற செய்தியுடன் விளையாட்டு மூடிவிடுகிறது. என் கார்டில் 12 ஜிபி இருக்கிறது. அமைப்புகளை எல்லாம் மிகக் குறைவாக வைத்தும் அதே செய்திதான். பிராசசர் இன்டெல் 13ஆம் தலைமுறை ஐ9. கார்டை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: கார்டை மாற்றாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தம்தான் மேலிட்டது, ஏனென்றால் இதே செய்தியை நம்பிக் குற்றமற்ற கார்டுகளை மாற்றியவர்கள் உலகெங்கும் பலர்.

பொருள்களின் மீது ஒளியும் நிழலும் எப்படி விழ வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்களே ஷேடர்கள். அவை சுருக்கப்பட்ட வடிவில் வட்டில் இருக்கின்றன. அவற்றை விரிப்பதும் உங்கள் கார்டுக்கு ஏற்றபடி தொகுப்பதும் கார்டின் வேலை அல்ல, பிராசசரின் வேலை. அந்தச் சில நிமிடங்களில் பிராசசரின் எல்லாக் கோர்களும் (உள்ளிருக்கும் கணிப்பு அலகுகளும்) முழு வேகத்தில் உழைக்கின்றன. விரிக்கும்போது ஒரேயொரு பிட் தவறிவிட்டாலும் கிடைக்கும் தரவு செல்லாததாகிவிடும். அதை வைத்துக்கொண்டு எதையும் உருவாக்க முடியாத விளையாட்டு எஞ்சின், நினைவகம் போதாததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தவறாக ஊகித்து அந்தச் செய்தியைக் காட்டுகிறது. அன்ரியல் எஞ்சினில் எழுதப்பட்ட விளையாட்டுகளில் இந்தக் குறை அதிகம் வெளிப்பட்டது.

2022இலும் 2023இலும் வெளிவந்த இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், குறிப்பாக உயர்நிலை மாதிரிகளில், நாளடைவில் நிலைத்தன்மை குன்றும் குறை இருந்ததை அந்நிறுவனமே 2024இல் ஏற்றுக்கொண்டது. பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோடு என்ற கட்டுப்பாட்டு நிரல் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுவந்ததும், அதனால் உட்சுற்றின் ஒரு பகுதி விரைவில் மூப்படைந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2024 ஆகஸ்டில் ஒரு திருத்தமும், செப்டம்பரில் ‘12பி’ என்று முடியும் இன்னொரு திருத்தமும் வந்தன. அவை மதர்போர்டு நிறுவனங்களின் பயாஸ் (கணினி எழும்போது முதலில் இயங்கும் மதர்போர்டின் மென்பொருள்) அப்டேட் வழியாகவே கணினியை அடைகின்றன. விண்டோஸ் அப்டேட் வந்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாதிரிக்கான புதிய பயாஸை நிறுவி, இன்டெலின் இயல்பான மின் அமைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சோதனைக்காக மட்டும், பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண் 55 என்றிருந்தால் 53க்குக் குறைத்து விளையாட்டைத் திறந்துபாருங்கள். வேகத்தைச் சற்றுக் குறைத்ததும் ‘நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி மறைந்துவிட்டால், நினைவகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது வெளிப்படை. பெரிய சுருக்கக் கோப்புகளை விரிக்கும்போது பிழை வருவதும், கிராபிக்ஸ் டிரைவரின் நிறுவல் பாதியில் தோற்பதும் இதே நோயின் வேறு அடையாளங்கள். திருத்தம் மேற்கொண்டு கேடு வராமல் தடுக்கும்; ஏற்கெனவே மூப்படைந்துவிட்ட பிராசசரை இளமையாக்காது. அந்நிலையில் மாற்றுப் பிராசசர் கேட்பதே உங்கள் உரிமை. பாதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு இன்டெல் உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டி, மூன்றாண்டு என்றிருந்ததை ஐந்தாண்டாக்கியிருக்கிறது. பெருக்கெண்ணைக் குறைத்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். உத்தரவாதம் இருக்கும்போது அப்படிச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

வேறு பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இதே செய்தி வந்தால், விண்டோஸின் பேஜிங் கோப்பை (ராம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் இடத்தை) யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதை விண்டோஸே நிர்வகிக்கும்படி விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: பழைய விளையாட்டு ஒன்று, ‘டி3டிஎக்ஸ்9_43’ என்ற கோப்பு இல்லை என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. விண்டோஸ் 11இல், விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கும்போது இது ஏன்? அந்தக் கோப்பை மட்டும் தரும் தளங்கள் இருக்கின்றனவே, எடுத்துப் போடலாமா?

பதில்: கூடாது. டி.எல்.எல். (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக்) கோப்புகளைத் தனித்தனியாகத் தரும் தளங்களில் கிடைப்பது எந்தப் பதிப்பு, யார் கைபட்டது என்று அறிய வழியில்லை. தீநிரலும் ஒட்டிக்கொண்டு வரலாம். டைரக்ட்எக்ஸ் 12 உள்ள கணினியிலும் பழைய டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகளை வரையும் அடிப்படைப் பகுதி இருக்கவே செய்கிறது. ஆனால் அக்காலத்து நிரலாளர்கள் பயன்படுத்திய துணை நூலகங்கள் விண்டோஸுடன் வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பில் அவை எல்லாம் இருக்கின்றன. அதை நிறுவினால் புதிய டைரக்ட்எக்ஸுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ‘எம்எஸ்விசிபி’ என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று செய்தி வந்தால் விஷுவல் சி++ தொகுப்பை நிறுவ வேண்டும். 64 பிட் கணினியாக இருந்தாலும் பழைய விளையாட்டுகளுக்கு 32 பிட் பதிப்பும் தேவை.

கேள்வி: தாய்மொழிப் பற்றினால் என் கணினியில் பயனர் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைத்திருக்கிறேன். ஒரு விளையாட்டு மட்டும், ஆட்டத்தைச் சேமிக்கும் கணத்தில் ஒவ்வொரு முறையும் மூடிவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். சேமித்த ஆட்டங்கள் பெரும்பாலும் உங்கள் பயனர் கோப்புறைக்குள்தான் எழுதப்படுகின்றன; அந்தக் கோப்புறையின் பெயரே தமிழில் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடை முறையாகக் கையாளும் நிரல்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்கள், மொழிக்கு ஒன்றாக விண்டோஸ் வைத்திருந்த குறிமுறைப் பட்டியலின் வழியாகவே கோப்பின் பாதையைப் படிக்கின்றன. ரஷ்ய மொழிக்கும் கிரேக்கத்துக்கும் அப்படிப்பட்ட பட்டியல் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அது எக்காலத்திலும் இருந்ததில்லை, தமிழ் யூனிகோடில் மட்டுமே வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் அந்த நிரலுக்குக் கேள்விக்குறியாகத் தெரிகிறது. கோப்புறையின் பெயரில் கேள்விக்குறி வரக்கூடாது என்பது விண்டோஸின் விதி. இல்லாத இடத்தில் எழுத முயன்று விளையாட்டு விழுகிறது.

உங்கள் பற்றில் தவறில்லை. தவறு அந்த நிரலில். இருந்தாலும் வழி சொல்ல வேண்டும் அல்லவா? ஆங்கில எழுத்தில் புதிய உள்ளூர்க் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அப்போதுதான் கோப்புறையின் பெயர் ஆங்கிலத்தில் அமையும். அதன் பிறகு கணக்கின் காட்சிப் பெயரை மட்டும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம், கோப்புறை மாறாது. இதே காரணத்தால், இப்போதுள்ள கணக்கின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றுவதால் பயன் விளையாது. வட்டார அமைப்புகளில் உலகமொழிகள் அனைத்துக்கும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவத்தைப் பயன்படுத்தும் சோதனைநிலைத் தேர்வு ஒன்றும் இருக்கிறது. சில விளையாட்டுகளை அது சரிசெய்யும், வேறு சில பழைய நிரல்களைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டாவது வழியாகவே அதைக் கருதுங்கள்.

ஆங்கிலப் பெயரே உள்ளவர்களுக்கும் சேமிக்கும்போது மட்டும் இந்தக் குறை வந்தால், விண்டோஸ் பாதுகாப்பில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இயங்குகிறதா என்று பாருங்கள். டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் அறிமுகமில்லாத நிரல்கள் எழுதுவதை அது தடுக்கும். விளையாட்டை அதன் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும்.

கேள்வி: கதையில் ஒரு குறிப்பிட்ட கதவைத் திறந்தால் போதும், விளையாட்டு மூடிவிடுகிறது. மற்ற இடங்களில் எத்தனை மணி நேரம் ஆடினாலும் ஒன்றும் இல்லை. நாற்பது மாட்கள் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள்) நிறுவியிருக்கிறேன்.

பதில்: ஒரே இடத்தில் தவறாமல் நிற்பது உண்மையில் நல்ல செய்தி, வன்பொருள் பழுது இப்படிக் கதவு பார்த்து வருவதில்லை. கோப்புகளைச் சரிபார்த்த பின், சேமித்த ஆட்டங்களைத் தனியாக ஒரு பிரதி எடுத்துவையுங்கள். கிளவுடு ஒத்திசைவு இருந்தால் அதை நிறுத்திவைப்பதும் அவசியம்; இல்லையேல் கெட்ட பிரதி நல்ல பிரதியின் மேல் எழுதப்பட்டுவிடலாம். இனி மாட்களில் பாதியை நிறுத்திக் கதவைத் திறந்துபாருங்கள். கதவு திறந்தால் குற்றவாளி நிறுத்திய பாதியில் இருக்கிறது, விளையாட்டு மூடினால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாற்பது மாட்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் ஆறே முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றையொன்று சார்ந்திருக்கும் மாட்களை மட்டும் பிரிக்காமல் ஒரே பாதியில் வையுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் அதே கதவில் நின்றால், சற்று முன்பு சேமித்த ஆட்டத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்து வந்துபாருங்கள்.

கேள்வி: விண்டோஸின் நினைவகச் சோதனையை ஒருமுறை ஓட்டினேன், பிழை இல்லை என்றது. ராம் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா? முடக்கம் நிற்கவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை.

பதில்: அந்தச் சோதனை பிழையைக் காட்டினால் நம்பலாம், காட்டவில்லை என்பதற்காக ராமை விடுதலை செய்துவிட முடியாது. என் சொந்தக் கணினியிலேயே இதற்காகப் பல வாரங்களைத் தொலைத்திருக்கிறேன். டிரைவரை மாற்றினேன், விண்டோஸை மாற்றினேன், விளையாட்டுகளைக் குறை சொன்னேன். விண்டோஸின் சோதனையும் நலம் என்றே சொன்னது. இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரலை ஓடவிட்டபோது மூன்றாவது சுற்றில்தான் ஒரு பிழை தலைகாட்டியது.

யூஎஸ்பி வழியாகத் தொடங்கும் அந்தச் சோதனையைக் குறைந்தது நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடக் கூடாது, ஏனெனில் அந்த ஒன்று விளையாட்டை மட்டுமல்ல, நீங்கள் சேமிக்கும் படங்களையும் ஆவணங்களையும் அரித்துக்கொண்டிருக்கும். பிழை வந்தால் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ தேர்வை நிறுத்திவிட்டு மீண்டும் சோதியுங்கள். பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் அந்தத் தேர்வின் வழியாகவே கிடைப்பது. முறைப்படி பார்த்தால் அதுவும் ஓவர்கிளாக்தான். டிடிஆர்4 வகை ராமுக்கு வரையறுத்த வேகங்கள் 3200 வரை, டிடிஆர்5 தொடங்குவதே 4800இல். அதற்கு மேல் கேட்பதை உங்கள் பிராசசரும் மதர்போர்டும் தாங்குமா என்பது கணினிக்குக் கணினி மாறும். தேர்வை நிறுத்தியதும் பிழை மறைந்தால் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம். மறையாவிட்டால் ஒவ்வொரு ராமையும் தனியாகச் செருகிச் சோதியுங்கள். பிழை ராமுடன் இடம் மாறினால் ராம் பழுது, ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டு பழுது. வேறு வேறு தொகுப்பாக வாங்கிய ராம்களைக் கலந்து போட்டிருந்தால், அதைப் பிரிப்பதிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: என் கணினியில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிகிறது, குறை விளையாட்டில்தான். அதை உருவாக்கியவர்களுக்கு எழுதினால் படிப்பார்களா? எப்படி எழுதுவது?

பதில்: அவர்கள் மேசையில் அதே குறையை மீண்டும் உண்டாக்கிப் பார்க்க உதவும் கடிதத்தை நிச்சயம் படிப்பார்கள். விளையாட்டின் பதிப்பு எண், எந்த இடத்தில் என்ன செய்தபோது நின்றது, அதை மீண்டும் வரவழைக்கும் படிகள் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். ‘அடிக்கடி நிற்கிறது’ என்பதைவிட ‘10 முறை திறந்ததில் 7 முறை நின்றது’ என்பது அவர்களுக்குப் பலமடங்கு உதவும். கோப்புகளைச் சரிபார்த்தது, மாட்களை நீக்கியது, வேறு டிரைவரில் சோதித்தது என்று ஏற்கெனவே செய்தவற்றையும் குறிப்பிட்டால், அதையே திரும்பச் செய்யச் சொல்லும் முதல் பதிலைத் தவிர்க்கலாம். ‘டிஎக்ஸ்டயாக்’ கருவியைத் திறந்து, எல்லாத் தகவலையும் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் உரைக்கோப்பையும், விளையாட்டு தன் கோப்புறையில் எழுதிவைத்த கிராஷ் பதிவையும் இணைத்து அனுப்புங்கள். அந்த உரைக்கோப்பில் உங்கள் கணினியின் பெயர் இருக்கும். கிராஷ் பதிவில் அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்த துண்டுகளும் இருக்கக்கூடும். ஆகவே அவற்றைப் பொதுவில் போடாமல், உருவாக்கியவர்கள் குறிப்பிட்டிருக்கும் உதவி முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள்.